விண்டோஸுக்கு வளையாத ராசம்மா

பல்கலைக்கழக இறுதியாண்டில், ஆய்வறிக்கை கொடுக்க வேண்டிய நேரத்தில் என் பழைய மடிக்கணினி படுத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன் நான். எங்கள் ரப்பர் தோட்டம் முழுக்க அதைச் சொல்லியும் வைத்திருந்தேன். பக்கத்து டவுனான குளுவாங்கில் கடைக்காரர்கள் புதிது வாங்கச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் ரெங்கம் தோட்டத்து ராசம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸைப் போட்டார். கணினி எழுந்து உட்கார்ந்தது. அன்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதுதான் இது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு. பால் மரம் வெட்டிய குடும்பத்துப் பெண்ணான ராசம்மா, குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கணினி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பெண்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

அப்போது கணினியை இயக்கும் எந்த சிஸ்டம் நிலைக்கும் என்று யாருக்கும் தெரியாது. டாஸில் கட்டளைகளை மனப்பாடமாகத் தட்ட வேண்டும். விண்டோஸில் படத்தைத் தொட்டால் போதும். ஓஎஸ் டூ என்ற மூன்றாவது ஒன்று, அந்த இரண்டுக்கும் எழுதிய மென்பொருள்களையும் தானே ஓட்டியது. ஒன்றைப் படித்தால் மூன்றும் கைக்கு வருமே என்று ராசம்மா அதையே எல்லா மெஷினிலும் போட்டார்.

ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. கணினியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அதன் பெயரைச் சொன்னார்கள். எதிர்ச்சாரியில் அதற்கென்றே ஒரு வகுப்பு திறந்ததும் ராசம்மாவின் அறையில் நாற்காலிகள் காலியாகின.

கீழே மின்சாமான் கடை வைத்திருந்த கட்டடச் சொந்தக்காரர் காளிதாஸ், வாடகை நின்றுவிடுமே என்று ஒரு பெட்டி நிறைய விண்டோஸ் ஃபிளாப்பி டிஸ்க்குகளை வாங்கிக்கொண்டு மேலே வந்தார். விஜயதசமிக்குள் எல்லா மெஷினிலும் இதை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். தன் சிஸ்டம் எந்த விதத்தில் மேல் என்று ராசம்மா விளக்கிப் பார்த்தார்.

"கடைக்கு வர்றவன் கேக்கறதத்தான் குடுக்கணும், தங்கச்சி. எது ஒசத்தின்னு அவனா உக்காந்து பாக்கறான்?"

அதில் உண்மை இருந்ததால்தான் ராசம்மாவுக்கு எரிந்தது. ஆனாலும் வகுப்பு மூடக்கூடாதே என்று பெட்டியை வாங்கி வைத்தார்.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் ஓய்வு. ராசம்மாவின் அம்மா வெள்ளையம்மா கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். காலமெல்லாம் பால் வெட்டும் கத்திக்குச் சந்தனம் பூசிய கை; தாராளமான கை. புது டிஸ்க்குகளையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் பளபளவென்றிருந்த தகட்டின்மேல் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்தார்.

மறுநாள் காளிதாஸ் முன்னால் முதல் டிஸ்க்கைச் செருகினால், உள்ளே போன சந்தனத்தைக் கரகரவென்று அரைத்துவிட்டு மெஷின் நின்றது. அடுத்ததும் அப்படியே. மாணவிகள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள். காளிதாஸ் சிரிக்கவில்லை. வேண்டுமென்றே கெடுத்துவிட்டுச் சாமிமேல் பழி போடுவதாகச் சொன்னார். வெள்ளையம்மா முகம் செத்துப்போனது. பிறகு காளிதாஸே கொஞ்சம் இறங்கி வந்தார்: இன்னொரு பெட்டி வாங்கித் தருகிறேன், 'இத்தனை நாளும் தப்பானதைக் கற்றுக்கொடுத்துவிட்டேன்' என்று இந்தப் பெண்களிடம் நீ சொன்னால் போதும்.

"டிஸ்க் கெட்டது எங்க தப்புதாண்ணே, புதுசு வாங்கிக் குடுத்துடறேன். ஆனா இதுங்க படிச்சது தப்புன்னு என் வாயால வராது லா. எந்த மெஷின்ல உக்கார வச்சாலும் இதுங்க கை ஓடும்."

"அப்ப ரூமக் காலி பண்ணு."

"பண்றேன். பொட்டத் தொடைக்கக்கூட நிக்க மாட்டேன்."

அன்றைக்கே ஒரு லாரி பிடித்தார். குங்குமம் காயாத மெஷின்கள் ரெங்கம் தோட்டத்துப் பொது மண்டபத்தில் போய் இறங்கின. குளுவாங் வகுப்புகளுக்குப் போக பஸ் வசதி இல்லாத தோட்டத்துப் பெண்கள் அங்கே நடந்தே வந்தார்கள்.

ஓஎஸ் டூ தோற்றது. விண்டோஸுக்கு எழுதியதையே அது ஓட்டும்போது, அதற்கென்று தனியாக எழுத யார் மெனக்கெடுவார்கள்? தான் எதை அதன் பலம் என்று நம்பினாரோ அதுவே அதைக் கவிழ்த்தது என்று ராசம்மாவே வகுப்பில் சொன்னார். சொல்லிவிட்டு, தானே போய் விண்டோஸ் வாங்கிவந்து பாதி மெஷின்களில் ஏற்றினார். மீதியில் டாஸ் இருந்தது. ஒரே மெஷினில் தொடர்ந்து உட்கார யாரையும் விடவில்லை. "பழகின எடத்துல எல்லாரும் கெட்டிக்காரிதான், எந்திரி," என்பார்.

ராசம்மா இப்போதும் ரெங்கத்தில்தான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் அதே மண்டபத்தில் விண்டோஸும் லினக்ஸும் சொல்லிக்கொடுக்கிறார்.