பச்சைக் கோடு ஏறிய மத்தியானம்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பார்ட்மெண்டில் லிஃப்ட் கதவு தானாகத் திறக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டபோது, சென்சாரில் பல்லி போய் உட்கார்ந்திருக்கிறது என்று ஏணி போட்டு ஏறிக் காட்டியவன் நான். படூரில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டர் வேலை. எங்கள் தொழிலில் ஒரு கோளாறு ஒரே தடவை வந்துவிட்டுப் போனால் அதை யாரும் கோளாறு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். அந்த விதிப்படி பார்த்தால் நான் இப்போது சொல்லப்போவது நடக்கவே இல்லை. ஆனால் நடந்தது, நம்பினால் நம்புங்கள்.

என் மனைவி சுமதிக்கு சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பம். நான் செங்கல்பட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். ஓ.எம்.ஆரில் ஒரே காலேஜில் படித்து, காதலித்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டில் ஒரு வருஷத்தில் சமாதானம் ஆகிவிட்டது. அவள் அப்பா மட்டும் அசையவில்லை. கேளம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை, நான் எதிரில் வந்தால் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் சுமதியின் தம்பி தேசிங்கு. அப்பாவோடு கடலுக்குப் போகிற பையன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பையில் நெத்திலியோ சங்கராவோ கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு நேராக வந்து என் கேம் கன்சோல் முன்னால் உட்கார்ந்துவிடுவான்.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. பெரிய உலகம், காடு, மலை, பாழடைந்த கோட்டை, அதில் ஒரு வீரன் தனியாகப் போகிறான். தேசிங்கு அவனுக்கு வைத்த பெயர் நம்மாளு. திரையின் மூலையில் இரண்டு கோடுகள் இருக்கும். சிவப்பு, உயிர். பச்சை, தெம்பு. ஓடினால், ஏறினால், நீந்தினால் பச்சை குறையும். தண்ணீருக்குள் பச்சை தீர்ந்துபோனால் நம்மாளு மூழ்கிவிடுவான், அவ்வளவுதான். எதிரிகளை அடித்து ஒரு லெவல் ஏறினால் ஒரு புள்ளி கிடைக்கும், அதைக் கத்தியில் போடலாம், வில்லில் போடலாம், தெம்பில் போடலாம். நான் என் ஆட்டத்தில் எல்லாவற்றையும் கத்தியில் போட்டு வைத்திருந்தேன். தேசிங்கு ஒரு புள்ளி விடாமல் எல்லாவற்றையும் தெம்பில் போட்டான். ஒரு சாதாரண ஓநாயை அடிக்கவே அவன் நம்மாளு திணறுவான். நான் கிண்டல் செய்தால், "கத்திய வெச்சிகினு இன்னா பண்றது மாமா? தம்மு இல்லன்னா கத்திய எவன் தூக்குவான்?" என்பான்.

அதில் ஒரு வித்தையும் உண்டு. தண்ணீரில் இருக்கும்போது, கையில் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் நம்மாளு கைகால் அடிப்பதை நிறுத்திவிட்டு மல்லாந்து மிதப்பான். பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஏறும். விட்டால் மறுபடி நீந்துவான். நான் டெஸ்டர் புத்தியில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தது. தேசிங்குக்கு அது பிடிக்காது. "மெதக்கறதுக்கா கேம் ஆடறோம்?" என்று சிரிப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஏரிக்கரையில் வந்து நின்றுவிட்டான், அக்கரைக்கு நீந்தத் தெம்பு போதவில்லை, இன்னும் ஒரு லெவல் ஏறிவிட்டு வரலாம் என்று அங்கேயே சேவ் செய்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் வேலை நாள் ஒன்றில் ஆபீஸில் இருக்கும்போது சுமதி போன் செய்தாள். விடியற்காலை தேசிங்கும் அவன் சிநேகிதன் பாபுவும் ஃபைபர் படகில் போயிருக்கிறார்கள், அலையில் படகு கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த பாபுவை வேறு படகுக்காரர்கள் பார்த்துக் கரை சேர்த்துவிட்டார்கள். தேசிங்கைக் காணவில்லை. காலி டீசல் கேன் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது என்று மட்டும்தான் பாபுவுக்குச் சொல்லத் தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது குப்பமே கரையில் நின்றது. தேடப் படகுகள் போயிருந்தன. மாமனார் அலைக்குள் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்றுகொண்டிருந்தார், யார் கூப்பிட்டும் மேலே வரவில்லை. நான் கொஞ்சம் தள்ளியே நின்றேன். இவரிடம் போய் என்ன சொல்வது? போலீஸ்காரர் ஒருவர் சமீபத்தில் எடுத்த போட்டோ வேண்டும் என்று கேட்டார். தேசிங்கு டிரைவிங் லைசென்ஸுக்கு எடுத்த போட்டோ எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பதாகச் சுமதிக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க போய் எடுத்தாந்துடுங்க. நான் இந்த எடத்த வுட்டு வரமாட்டேன்" என்றாள்.

சும்மா நிற்பதற்கு இது தேவலை என்று பைக்கை எடுத்தேன். ஈ.சி.ஆரில் எப்படி ஓட்டினேன், கோவளத்தில் எப்படித் திரும்பினேன், ஒன்றும் நினைவில்லை. உச்சி வெயில். வீட்டைத் திறந்து உள்ளே போனால் ஹாலில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது.

கன்சோலில் விளக்கு எரிகிறது. கன்ட்ரோலர் சோபாவில் கிடக்கிறது. திரையில் தேசிங்கின் நம்மாளு நடுத்தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கிறான்.

நான் பயப்படவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் எனக்கு வந்தது தொழில் புத்திதான். கன்ட்ரோலர் பழசானால் கைபடாமலே ஆளை நகர்த்தும், அதற்கு டிரிஃப்ட் என்று பெயர், உலகத்தில் எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. ஆனால் கன்சோலை யார் போட்டது? மூன்று இடத்தில் பொத்தான் அழுத்தினால்தானே தேசிங்கின் ஆட்டத்துக்குள்ளேயே போக முடியும்? சுமதி அதைத் தொடவே மாட்டாள். வீட்டுச் சாவி எங்கள் இரண்டு பேரிடம்தான். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே பார்க்கிறேன், நம்மாளு கையை வீசி வீசி அடிக்கிறான், எதிரே கரை தெரிகிறது, ஆனால் ஒரு முழம்கூட முன்னேறவில்லை. தண்ணீர் அவனைப் பின்னால் தள்ளுகிறது. அந்த ஏரியில் நீரோட்டம் கிடையாது. நான் பலமுறை நீந்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பச்சைக் கோடு நகத்தளவுதான் மிச்சம் இருந்தது.

கன்ட்ரோலரை எடுத்தேன். உள்ளங்கையில் துடித்தது, தெம்பு தீரப்போகும்போது அது அப்படித் துடிக்கும், ஆட்டத்திலேயே உள்ளதுதான், ஆனால் அன்றைக்கு ஒரு குருவியைப் பிடித்த மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தேன், நம்மாளு திரும்பவில்லை. ஆட்டத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன், நிற்கவில்லை. ஒவ்வொன்றாக அழுத்தினேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் மிதக்கிற பொத்தானை அழுத்தினேன்.

நம்மாளு அப்படியே மல்லாந்தான்.

துடிப்பு அடங்கியது. பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி ஏற ஆரம்பித்தது. சரி என்று விரலைக் கொஞ்சம் எடுத்தேன், உடனே திரும்பிக் கரையைப் பார்த்துக் கைகாலை அடிக்க ஆரம்பித்துவிட்டான், ஏறியதெல்லாம் இறங்கியது. மறுபடி அழுத்தினேன். அப்புறம் விடவில்லை. கட்டைவிரல் மரத்துப்போய், மற்ற கையால் அதன்மேல் அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒரு வீடியோ கேமைப் பிடித்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே கரையில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு பக்கம் மனசு திட்டுகிறது, இன்னொரு பக்கம் விட முடியவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுமதியைக் கூப்பிட்டேன்.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லீங்க. ரெண்டு படகு திரும்பி வந்துடுச்சு. போட்டோ கெடைச்சுதா?"

"சுமதி, அவன் மெதந்துகினுகீறான். போறவங்ககிட்ட சொல்லு, நீந்துற ஆளத் தேடாதீங்க, மல்லாந்து மெதக்கிற ஆளத் தேடுங்கன்னு சொல்லு."

"இன்னா பேசறீங்க? யாரு சொன்னா?"

"சொல்லு, அவ்ளோதான்" என்றேன். அவள் சொன்னாளாம், பிறகு தெரிந்தது. அப்பாவிடம்தான் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதும் அவர் முதல் தடவையாகத் தண்ணீரைவிட்டு மேலே வந்து, போனில் படகுக்காரர்களிடம், "கேனையே பாத்துகினு இருக்காதீங்கடா, தண்ணிமட்டத்துக்கு மூஞ்சி தெரியுதான்னு பாருங்க" என்று கத்தியிருக்கிறார்.

பச்சைக் கோடு முழுதாக நிறைந்தது. நிறைந்ததும் சின்னதாக ஒரு மணியோசை கேட்கும், அது கேட்டது. அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

திரை கறுத்துவிட்டது. எங்கள் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும்தான் ஓடும். யாரையோ கையிலிருந்து நழுவவிட்ட மாதிரி இருந்தது. கீழே ஓடி வாட்ச்மேனைக் கேட்டால், ஏரியா முழுக்கக் கட், சாயங்காலம்தான் வரும் என்கிறார். மேலே வந்து போட்டோவை எடுத்துக்கொண்டு, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, வீட்டைப் பூட்டிக் கிளம்பினேன்.

மாமல்லபுரம் பைபாஸில் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தேன். சுமதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "கெடைச்சுட்டான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போதுதான், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, படகில் தூக்கிவிட்டார்கள், பேசுகிறான். ரோட்டோரத்தில் கற்சிலை விற்கிற கடை ஒன்றின் வாசலில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் என்ன ஏது என்று கேட்காமல் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். முகமெல்லாம் வெந்து, உதடு வெடித்திருந்தது. கேன் கையைவிட்டு நழுவிப் போய்விட்டதாம். "கரை தெரியுது மாமா, அதான் வுடாம அடிச்சேன். அப்ப யாரோ கைகால நிறுத்துனாப்ல ஆயிடுச்சு. மல்லாந்துட்டேன். நானா பண்ணல" என்றான். டாக்டர், உடம்பு களைத்தால் அப்படித்தான் தோன்றும் என்றார். இருக்கலாம். எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது. வராந்தாவில் மாமனார் நின்றிருந்தார். நான் வழக்கம்போல ஒதுங்கப் பார்த்தேன். அவர் வழியை மறித்து, "மாப்ள, நாஸ்தா துன்னீங்களா?" என்று கேட்டார். நாஸ்தா என்றால் காலைப் பலகாரம், அப்போது சாயங்காலம் ஆகியிருந்தது. இல்லை என்றேன். என் கையைப் பிடித்துக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அந்த மத்தியானத்தை மறுபடி வரவழைக்க நான் செய்யாத சோதனை இல்லை. கன்ட்ரோலரைப் பிரித்துப் பார்த்தேன், டிரிஃப்ட் இல்லை. தேசிங்கின் ஆட்டத்தைத் திறந்தேன், நம்மாளு ஞாயிற்றுக்கிழமை விட்ட அதே ஏரிக்கரையில் நிற்கிறான், அன்றைக்கு ஆடியதற்குத் தடயமே இல்லை.

உடம்பு தேறியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேசிங்கு வந்தான், கூடவே அவன் அப்பாவும். மாமனார் எங்கள் சோபாவில் உட்கார்ந்து சுமதி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, இந்த வீட்டில் காற்று நன்றாக வருகிறது என்று மூன்று தடவை சொன்னார். அவரும் சுமதியும் சமையலறைக்குள் மீன் கழுவப் போனபோது, நான் தேசிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான்.

"அதான் பாத்தேன்" என்றான். "மொத தபா நீ புடிச்சது புரியுது மாமா. ரெண்டாவது தபா ஏன் அவ்ளோ நேரம் புடிச்சிகின?"

"ரெண்டாவது தபாவா?"

"ஆமா. தெம்பு வந்து நீந்த ஆரமிச்சேன்ல, அப்பால ரொம்ப நேரம் கழிச்சு மறுபடி நிறுத்துன. படகு சத்தம் கேக்குது, அத்தப் பாத்து நீந்தலாம்னா வுடவே மாட்ற. அலை ஒன்னு பெருசா வந்துச்சு, நான் அடிச்சிகினு இருந்தா உள்ள போயிருப்பேன். படகு கிட்ட வந்து அவனுங்க கை புடிக்கிற வரிக்கும் நீ வுடல. அவ்ளோ நேரம் அழுத்தினு இருந்தியே, கை வலிக்கல?"

கன்ட்ரோலரை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். அவன் கண்ணில் அவ்வளவு நன்றி இருந்தது.

"கொஞ்சம் வலிச்சுதுடா" என்றேன்.

அவனைப் படகில் தூக்கிய நேரத்தில் நான் பைக்கில் இருந்தேன். வீடு பூட்டியிருந்தது, ஏரியாவிலேயே கரண்ட் இல்லை, பிளக்கைப் பிடுங்கியவனும் நானேதான். அதை இன்னும் அவனிடம் நான் சொல்லவில்லை.