ஈரல் புழுவுக்கு டிஎன்ஏ சோதனை

ஒஸ்லோ மருத்துவமனை ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் போனபோதுதான் அந்த ஈழத்து நோயாளியைச் சந்தித்தேன். அறைக்குள்ளும் குளிர்கோட்டைக் கழற்றமாட்டார். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

அவருடைய ஈரலில் தட்டைப்புழு இருந்தது. மலத்தில் கிடைத்த முட்டைகளைப் பார்த்து இனத்தைச் சொல்ல முடியவில்லை, டிஎன்ஏ சோதனை வேண்டும் என்றார் மருத்துவர். அதைத் தமிழில் சொன்னதும் அவர் முகம் இறுகியது. மனைவியையும் மகளையும் நோர்வேக்கு அழைக்க அவர் விண்ணப்பித்திருந்த நேரம் அது. அப்படியான குடும்பங்களிடம், பிள்ளை சொந்தப் பிள்ளைதானா என்று பார்க்க, குடிவரவுத் துறையும் டிஎன்ஏ கேட்பதுண்டு.

"புழுவின்ர டிஎன்ஏ அண்ணை, உங்கடை இல்லை," என்றேன்.

"என்ர மலத்தில என்ர டிஎன்ஏயும் இருக்கும்தானே தம்பி? டொக்டரைக் கேளும்."

கேட்டேன். மருத்துவர் சற்று யோசித்துவிட்டு, "இருக்கும். ஆனால் நாங்கள் அதைப் பார்ப்பதில்லை," என்றார்.

"அதை எழுதித் தரச்சொல்லும்."

மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே அவர் சம்மதித்தார்.

சில கிழமைகளில் முடிவு வந்தது, மாத்திரையும் கிடைத்தது. புழுவின் பெயரைக்கூட அவர் விசாரிக்கவில்லை.

"சோதிச்ச மலத்தில மிச்சத்தை எறிஞ்சுபோட்டினமோ?"

மருத்துவரைக் கேட்டுவிட்டு, "ஓம் அண்ணை," என்றேன்.

அவர் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டார். எதையோ மறைக்கிறார் என்று அன்று நானும் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தேகம் முழுதாகப் போகவும் இல்லை.