கவ்வாத்துக் கத்தியும் கைமோசக் கொலையும்

குற்ற வழக்குப் பேசும் சட்டத்தரணியிடம் சட்டம் கேட்டு வருகிறவர்கள் குறைவு, "எத்தனை வருசம் போடுவாங்க?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பதுளை மேல் நீதிமன்ற வராந்தாவில், பெயரைக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று கால் கடுக்க நின்றவர்களுக்கு என் பாடு புரியும். ஆகவே ஒரே வழக்கில் நான் பட்டதை உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்கிறேன்.

ஒப்புக்கொள்ளும் அவசரம்

செல்வம் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர். வளர்ந்த தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் தட்டும் வேலை அது. பக்கத்து வீட்டு ராமையாவோடு லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய்க்காக வாய்த்தகராறு முற்றி, கையில் இருந்த கத்தியால் ஒரே வெட்டு. ராமையா இறந்துவிட்டார். செல்வத்தின் மேல் கொலைக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் மரண தண்டனை; இப்போது யாரையும் தூக்கில் போடுவதில்லை என்றாலும் ஆயுள் முழுக்க உள்ளேதான். அவருடைய தாயில்லாத ஐந்து வயது மகள், அத்தை லெச்சுமியிடம் இருந்தாள்.

விளக்கமறியல் சிறையில் போய்ப் பார்த்தேன். "நாந்தானே செஞ்சேன். கொலைன்னே ஒத்துக்கிறேன் மிஸ்" என்றார். எனக்குப் பகீரென்றது. ஆள் செத்ததெல்லாம் சட்டத்தில் கொலை ஆகிவிடாது, கொல்வதென்று எண்ணிக்கொண்டு வந்து வெட்டினால் கொலை, திடீர்ச் சண்டையில் ஆத்திரத்தில் கைமீறிப் போனால் கைமோசக் கொலை, அதற்குத் தண்டனை குறைவு என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்துப்போனவருக்கு ரெண்டும் ஒன்னுதாங்களே மிஸ்."

லெச்சுமி கொடுத்த நற்சான்று

எண்ணிக்கொண்டு வரவில்லை என்று காட்டினால் போதும் என்றிருந்த எங்கள் தலையில், லெச்சுமி பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் இடியாக இறங்கியது. "தம்பி சாயங்காலம் பூராவும் உக்காந்து கத்தி தீட்டுனான்" என்று சொல்லியிருந்தார். அரச சட்டத்தரணிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவன் என்று குற்றப்பத்திரிகை தயாராகிவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் உங்களிடம் அதைக் கேட்டது என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார். "நல்ல வேலைக்காரன்னு தெரிஞ்சா விட்டுருவாங்கன்னு நெனச்சேங்க."

தேநீர்க் கடைப் பாடம்

என் சீனியர் யாழ்ப்பாணத்துக்காரர். நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் வைத்துத்தான் எனக்குப் பாடம் எடுப்பார். அன்றைக்குக் கையிலிருந்த கிளாசைத் தூக்கிக் காட்டி, கதைத்துக்கொண்டிருக்கும்போது ஆத்திரம் வந்து எதிரில் இருப்பவன் மேல் இதை எறிந்தால் ஒரு குற்றம், அவன் வரட்டும் என்று காத்திருந்து எறிந்தால் வேறு குற்றம் என்று குரலை உயர்த்தினார். கிளாஸ் மேலும் கீழுமாகப் போவதைக் கடைக்காரர் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி எறிஞ்சாலும் கிளாஸ் என்னோடதுங்க சேர்."

பார்வதி சொன்னது

ராமையாவின் மனைவி பார்வதி அரச தரப்பின் முதல் சாட்சி. செல்வம் அன்று மாலை கத்தி தீட்டிக்கொண்டிருந்தாரா என்று அரச சட்டத்தரணி கேட்டார். ஆமாம் என்றார். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

என் அப்பாவும் கவ்வாத்து வெட்டியவர்தான். அந்தக் கத்தியைத் தோட்டத்து ஸ்டோரில் விட்டு வருவதில்லை. அவரவர் கத்தியை அவரவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் வேலைக்குத் தீட்டி வைப்பார்கள். மொட்டைக் கத்தியால் வெட்டினால் கிளை பிளந்துபோகும், கங்காணியிடம் ஏச்சு விழும். அன்று வேறு யார் கத்தி தீட்டினார்கள் என்று கேளுங்கள் என்று சீனியரின் காதில் சொன்னேன். "பதில் தெரியாத கேள்வி கேக்கக் கூடாது, பிள்ளை" என்று முணுமுணுத்தபடியே எழுந்து கேட்டார்.

"எல்லாருந்தாங்க தீட்டுனாங்க. மறுநா கவ்வாத்தாச்சே. எங்க வீட்டுக்காரரும் அதே கல்லுலதான், செல்வத்துக்குப் பக்கத்துல உக்காந்து தீட்டிக்கிட்டிருந்தாரு. தண்ணிப் பேச்சு அங்கதான் வந்துச்சு. மொதல்ல கட்டையத் தூக்கி அடிச்சது எங்க வீட்டுக்காரருங்க."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தபோது நீதிபதி பேனாவை வைத்துவிட்டு பார்வதியைப் பார்த்தார். வெளியே வந்ததும் நான் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எம் புள்ளைகளுக்குத்தான் அப்பன் இல்லாமப் போச்சு. இல்லாததச் சொல்லி அந்தப் புள்ளைக்கும் இல்லாம ஆக்கணுமா மிஸ்?"

தீர்ப்பு

கொலை அல்ல, கைமோசக் கொலை என்று தீர்ப்பு வந்தது. சிறைத்தண்டனை உண்டு, ஆனால் அதற்கு ஒரு முடிவும் உண்டு. செல்வம் கூண்டில் நின்றபடியே பார்வதி இருந்த பக்கம் கைகூப்பினார். பார்வதி தலையைக் குனிந்துகொண்டார், எழுந்து போகவில்லை.

வராந்தாவில் லெச்சுமி அழவில்லை. மருமகள் எந்த வகுப்பில் இருக்கும்போது தம்பி வெளியே வருவான் என்று விரல்விட்டுப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. "பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனைக்கு அவ படிக்கிறப்ப அப்பன் வீட்டுல இருப்பான் மிஸ்."

இந்த வழக்கை வென்றது என் சீனியர்தான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த கட்சிக்காரர் வரவேண்டுமே என்று நாங்களும் அதை மறுப்பதில்லை.