கைப்பிடிக்கு எடுத்த அளவு

எங்கள் மாமாவுக்கு ஒரு குணம். கையில் இன்ச் டேப் வந்துவிட்டால் யார் பேச்சும் காதில் ஏறாது. மாமல்லபுரத்து விடுதிகளுக்குக் கேட் செய்து கொடுக்கும் வெல்டிங் பட்டறை அவருடையது. அந்தப் பெருமையில்தான் பெரியம்மாவின் குப்பை வண்டியைத் திருத்துகிறேன் என்று கிளம்பினார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

வீட்டில் மூத்தவர் பெரியம்மா, கடைசி மாமா, நடுவில் என் அம்மா. பெரியம்மா அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். கடற்கரைத் தெருவில் குப்பை அள்ளும் வேலை. ஐஸ்கிரீம் கப் என்றால் பரவாயில்லை. அங்கே சேர்வதில் பாதி, சுற்றுலா வந்தவர்கள் குடித்துப் போட்ட இளநீர் மட்டை. பாழாய்ப்போனது, கல்லாகக் கனக்கும். அவருக்குக் கொடுத்த தள்ளுவண்டியின் கைப்பிடியோ தொடை உயரம்தான். குனிந்தே தள்ளித் தள்ளி, வீட்டுக்கு வந்த பிறகும் முதுகு நிமிராது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

போதாக்குறைக்கு மேஸ்திரி வேறு, “முடியலன்னா சொல்லிடு ஆயா, வயசுப் பொண்ணு யாரனா போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். பெரியப்பா போன பிறகு பெரியம்மா யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தது அந்த வேலையால்தான். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்தவரை மாமா வாசலிலேயே நிறுத்தினார்.

“யக்கா, ஆடாம நில்லு. முழங்கைக்கு நேரா கைப்பிடி வந்துச்சின்னா குனியவே வேணாம்.”

டேப்பின் கீழ்முனையை நான் பிடித்தேன். மேஸ்திரியைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்பதால் மாமா கேட்கவில்லை. கைப்பிடியை உயர்த்தி வெல்டிங் வைத்து, ஏதோ விடுதிக் கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பெயிண்டையும் அடித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பெரியம்மா குனிந்துதான் தள்ளினார். மாமா லேசில் ஒப்புக்கொள்வாரா? “அளவு கரெக்டா கீது. அக்காவுக்குத்தான் குனிஞ்சே பழகிப்போச்சி” என்று பழியைப் பெரியம்மாவின் முதுகு மேல் போட்டார். எனக்கு அழுகை வந்தது. டேப் பிடித்தவள் நானல்லவா!

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியம்மா பாயில் மல்லாந்து படுத்திருந்தார். பாதம் இரண்டும் பாயைத் தாண்டித் தரையில் கிடந்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“மாமா, பெரிம்மா நின்னா குள்ளம், படுத்தா நீட்டு!”

மாமா சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“வேலை முடிஞ்சி கூன் போட்டுகினு நின்னவள அளந்துட்டேனேடி நானு!”

கை கழுவி வந்து, படுத்திருந்தவரைப் படுத்தபடியே குதிகாலிலிருந்து முழங்கை வரை அளக்கத் தொடங்கினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா அலறினார்.

“அடப் பாவி! உயிரோட கீறவள படுக்கவெச்சி அளவெடுக்கறியே, நீ நல்லா இருப்பியா?”

பெரியம்மா குலுங்கிச் சிரித்ததில் டேப் நழுவிவிட்டது. மறுபடி அளந்தோம். ஒரு சாண் கூடுதலாக வந்தது.

அந்த ஒரு சாணையும் ஏற்றிய வண்டியை மேஸ்திரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வயசுப் பெண் பேச்சை அதோடு விட்டார். சில நாளில் மற்ற வண்டிகளும் பட்டறைக்கு வந்தன. அந்த வண்டிக்காரப் பெண்களை மாமா பட்டறை வாசலில், ரோட்டோரமாக வரிசையாகத் தரையில் படுக்கச் சொன்னார். மறியலோ என்று ஒரு பஸ் நின்றே விட்டது.

அதெல்லாம் பிறகு. ஒரு சாண் ஏற்றிய முதல் நாள், பெரியம்மா வேலை முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் என்னைக் கூப்பிட்டார்.

“தெரு முனையில கடல் தெரியுதுடி!”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடற்கரைத் தெருவில் கடல் தெரியாமல் வேறென்ன தெரியும்?

“இவ்ளோ நாளா அது எங்க போயிருந்துச்சாம்?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.