மஞ்சளும் எள்ளும் விற்கும் கடை

நாட்டு மருந்துக் கடைக்காரன் சரக்கை எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது, "இது கேக்குமாங்க?" என்று கேட்பவர்களிடம் கேட்கும் என்றும் சொல்ல வேண்டும். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் எழுதுவது எதுவும் புதிதாக இருக்காது.

வெறுங்கையோடு வராதவர்கள்

என் மனைவி செல்விக்கு நுரையீரலில் புற்றுநோய். புதுச்சேரிக்குப் போய்க் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தோம். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது நம் வழக்கமில்லை. தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு மஞ்சள் பொடி, கருஞ்சீரகம், சீந்தில் கொடி என்று கொண்டுவந்தார்கள். எல்லாம் பகலில் என் கடையிலேயே வாங்கியவை. நானே கட்டிக் கொடுத்த பொட்டலங்கள்.

கீமோ நடக்கும்போது எந்தப் பொடியும் கொடுக்க வேண்டாம், மருந்தோடு மோதும், ஈரலுக்கும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொட்டலங்கள் அலமாரியில் சேர்ந்துகொண்டே போயின. இருமலுக்கு நடுவே செல்வி சொன்னாள்: "கடையிலயே திரும்பப் போட்டுடுங்க. எப்படியும் மறுபடி எனக்குத்தான் வரும்."

துக்கம் கேட்க வந்தவர்

அவள் போன அன்று, பந்தலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உறவுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "கடை நெறைய மருந்த வச்சிக்கிட்டு, பொண்டாட்டிக்கு ஒரு வேளை குடுக்கலையே இந்த மனுஷன்!"

கோட்டுச்சேரிக்காரரின் செல்போன்

கோட்டுச்சேரித் தனபால் நெல் விவசாயி, என் கடைக்கு வருபவர். அவர் மனைவிக்கும் அதே நோய். மஞ்சள் பொடி கேட்டு, செல்போனில் வந்த செய்தியை நீட்டினார். மஞ்சளில் இருக்கும் சத்து நுரையீரல் புற்றணுவை இளக்கிவிடுகிறதாம். அதன் பிறகு மருந்து நன்றாகப் பிடிக்கிறதாம். முழுவதும் படித்தேன். பொய்யில்லை. ஆனால் அது பிரித்தெடுத்த சத்து. சோதனைக்கூடத்துத் தட்டில் வளர்த்த அணுக்கள். அதிலும் மருந்தோடு சேர்த்துத்தான், மருந்துக்குப் பதிலாக அல்ல.

அதையே சொன்னேன். கீமோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று பொடி தர மறுத்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஊசி ஏத்துனா அவளுக்குச் சோறே எறங்க மாட்டேங்குதுண்ணே. உங்க வீட்டுல ஏத்தித்தான் என்ன ஆச்சு?"

கருமாதிச் சாமான்

தனபால் பக்கத்துத் தெருக் கடையில் மஞ்சள் பொடி வாங்கிப்போனதும், கீமோவை நிறுத்தியதும் ஊர்க்காரர்கள் மூலம் தெரிந்தது. அறுவடை முடிந்த சமயம் அவரே வந்தார். முகத்தில் தாடி. எள், தர்ப்பை, கருமாதிக்கு வேண்டியதெல்லாம் கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். "பொடியதான் வேற கடையில வாங்கிப்புட்டேன். இதையாவது உங்ககிட்ட வாங்கணும்னு வந்தேண்ணே."

இத்தனை வருஷத்தில், "இது கேக்குமாங்க?" என்று ஒருவர்கூடக் கேட்காமல் வாங்கிப்போன சரக்கு எள் ஒன்றுதான்.