பனிக் கல்யாணத்தில் ஷுக்கூர்

ஷுக்கூருக்குத் தூக்கத்திலும் வாய் ஓயாது. அவன் வருவது தெரிந்தால் ஆடு மேய்ப்பவர்கள் மலையின் மறுபக்கம் இறங்கிவிடுவார்கள். நானும் பல முறை இறங்கியிருக்கிறேன்.

அவனுடைய பார்லி வயல் கால்வாயின் கடைக்கோடியில். எங்கள் பல்திஸ்தானில் மழை பெய்தால் மண்கூரை தாங்காது, பெய்யாவிட்டால் பயிர் தாங்காது. பனி உருகினால்தான் தண்ணீர், அதுவும் மேல்வயல்களோடு தீர்ந்துபோகும். மூன்று கோடைகள் அவன் பயிர் கருகியது. நான்காவதும் கருகினால் வயலை விட்டுவிட்டுக் கராச்சிக்கு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். அப்போதுதான் மலையுச்சியில் புதிதாக ஒரு பனியாறு வளர்க்க ஊர் கூடி முடிவெடுத்தது.

அதற்குக் கல்யாணம் செய்ய வேண்டும். கல்லும் மண்ணும் கலந்த கறுத்த பனிக்கட்டி மாப்பிள்ளை, வெள்ளைக்கட்டி பெண். ஆறு பேர் ஒரு மலையிலிருந்து மாப்பிள்ளையையும், ஆறு பேர் இன்னொரு மலையிலிருந்து பெண்ணையும் சுமந்து வந்து, பாலத்தில் சேர்ந்து, உச்சிப் பள்ளத்தில் கரியும் உமியும் போட்டு மூட வேண்டும். வெட்டத் தொடங்கியது முதல் மூடும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"ஹாஜி, இவரு நாக்க வீட்டுலயே விட்டுட்டு வரச் சொல்லுங்க," என்று ஊர்ப் பெரியவர் ஹாஜி துராபிடம் சொன்னாள் அவன் மனைவி ஃபிஸ்ஸா.

"காய்ஞ்சது என் வயலு, நான்தான் சுமப்பேன். பேசினா ஆத்துல தள்ளுங்க!" என்றான் ஷுக்கூர்.

நானும் அவனும் பெண் வீட்டுக் கூட்டம். ஒரே மூடுபனி. ஹாஜி கோடாலியோடு முன்னால் போனார். கண்புரையை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வெட்டிப் போட்டார். கூடைகளில் விழுந்தது கன்னங்கரேல்.

வழியெல்லாம் ஷுக்கூர் ஹாஜிக்கு முன்னால் போய்க் கூடையைத் தட்டினான், மீசையை முறுக்கிக் காட்டினான், சால்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு 'இல்லை' என்று கையை ஆட்டினான். ஹாஜி பரிவோடு ஒரு பாறை மறைவைக் காட்டி, சீக்கிரம் போய்விட்டு வரும்படி சைகை செய்தார்.

பள்ளத்தில் கட்டிகளைக் கொட்டினோம். உமி மூட்டையை அவிழ்த்தார்கள்.

"ஹாஜி! ரெண்டும் ஆம்பள!"

"கெடுத்தானே பாவி!" என்று இருவர் ஷுக்கூரின் சட்டையைப் பிடித்தார்கள். ஹாஜி குனிந்து தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் கல் தட்டுப்பட்டது.

"ஏன்டா, வேற யாருமே பாக்கலயா?"

"பாலத்துலயே பாத்தேன்," என்றான் ஒருவன்.

"நீங்க வெட்டும்போதே நான் பாத்தேன். பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் இன்னொருவன்.

ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நான்தான் எல்லோருக்கும் முன்னால் பார்த்தவன். கட்டியோடு வந்த கல் என் விரலைப் பதம்பார்த்திருந்தது. ஹாஜி என் பக்கம் திரும்பியதும் வெட்கத்தில், "மூடுபனி ஹாஜி, எனக்கு ஒண்ணும் தெரியல," என்றேன்.

மறுவாரம் மறுபடி போய் உண்மையான பெண்ணையே கொண்டுவந்தோம். பனியாறு வளரும்வரை மேல்வயல்காரர்கள் முறைபோட்டு ஷுக்கூருக்குத் தண்ணீர் விட்டார்கள். பதினான்காவது கோடையில் கால்வாய்த் தண்ணீர் தானாகவே அவன் வயலைத் தொட்டது.

இப்போதும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு போவோர் வருவோரிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்கிறான். நான் அகப்பட்டால் தோளில் கை போட்டுக்கொள்வான்.

"எல்லாப் பயலும் பாத்துட்டுச் சும்மா வந்தானுங்க. இவன் ஒருத்தன்தான் பாக்கல. பாத்திருந்தா அப்பவே சொல்லியிருப்பான்."