கம்பளி அடி

எனக்குக் கோவம் மூக்கு மேல இருக்கும். பதினேழு வருஷம் ராணுவத்துல இருந்துட்டு ஹவில்தாரா வெளிய வந்தேன். வந்த கையோட ஓசூர் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா சேர்ந்துட்டேன். புள்ளைங்க எனக்கு வெச்ச பேரு மிலிட்டரி சார். முதுகுக்குப் பின்னால வேற பேரும் இருந்துச்சி, அதை இங்க எழுத முடியாது. அடிப்பேன். பிரம்பு ஒடைஞ்சா ஸ்கிப்பிங் கயிறு, கயிறு சிக்கலைன்னா கை. வாங்கினவன் எவனும் வீட்டுல போயி சொல்லமாட்டான். சொன்னா அங்கயும் நாலு விழும்.

எங்கிட்ட ரெண்டு சட்டம் இருந்துச்சி. லேட்டா வந்தவன் காரணம் சொல்லக் கூடாது. பஸ் வரல, சைக்கிள் பஞ்சர், அம்மாவுக்குக் காய்ச்சல், இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம். நிமிந்து நின்னு "தப்பு சார்"னு சொல்லணும், அவ்வளவுதான். அதுக்கு மேல வாயைத் தொறந்தா கன்னத்துல ஒண்ணு. இன்னொரு சட்டம், ஒருத்தன் தப்பு பண்ணா தண்டனை அவனுக்கு இல்ல, வகுப்பு மொத்தத்துக்கும். தப்பு பண்ணவன் கொடிக்கம்பத்துக் கீழ நாற்காலியில உக்காந்து பாக்கணும், மத்தவங்க கிரவுண்டைப் பத்து சுத்து ஓடணும். ராணுவத்துல எங்களையும் அப்படித்தான் வளத்தாங்க, நானும் அப்படித்தான் வளத்தேன்.

ஒரு மழை நாள்ல, கிரவுண்டுக்குப் போக முடியாம, பிளஸ் டூ பசங்களுக்குப் பயிற்சிக் காலத்துக் கதை ஒண்ணைச் சொன்னேன். எங்க கூட்டத்துல ஒருத்தன் துப்பாக்கிய ஒழுங்கா தொடைக்கமாட்டான். அவனால நாங்க முப்பது பேரும் ஜல்லிக் கல்லு மேல உருண்டோம். முழங்கை தோலெல்லாம் போச்சி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் படுத்திருந்தப்ப மேல கம்பளியப் போட்டு அமுக்கிட்டோம். சாக்ஸுக்குள்ள சோப்புக் கட்டியப் போட்டு முடிச்சி, ஆளுக்கு நாலு போட்டோம். கம்பளி எதுக்குன்னா, யாரு அடிச்சான்னு அவனுக்குத் தெரியக் கூடாது. நான் போட்டது விலாவுல விழுந்துச்சி. உள்ள ஏதோ நகந்தது என் கைக்குத் தெரிஞ்சது. அவன் அவங்க பாஷையில அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். அடுத்த வாரம் அவன் துப்பாக்கி பளபளன்னு இருந்துச்சி. இதையெல்லாம் நான் சிரிச்சிக்கிட்டே சொன்னேன். பசங்களும் சிரிச்சாங்க. எம் புத்திய செருப்பால அடிக்கணும்.

அந்த வகுப்புல ஒரு பையன் இருந்தான். சானமாவு காட்டுக்கு அந்தாண்ட ஊரு, வீட்டுல தெலுங்கு. அப்பன் கம்பெனியில ஷிப்ட் வேலை, அம்மா ரோஜாப்பூ வளக்கற கிரீன்ஹவுஸுக்குக் கூலி. ஆளு ஒல்லி, ஆனா ஓட விட்டா புடிக்க முடியாது. ராணுவத்துல சேரணும், அது ஒண்ணுதான் அவன் மண்டையில இருந்துச்சி. ஆள் எடுக்கறதுக்கு இன்னும் கொஞ்ச மாசம்தான் இருந்துச்சி. உங்கள மாதிரி ஆகணும் சார்னு ஒரு தடவ எங்கிட்டயே சொன்னான். எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சி. வெளிய காட்டிக்கல, போயி இன்னும் ரெண்டு சுத்து ஓடுடான்னு வெரட்டிவிட்டேன்.

ராகி கதிர் முத்தின நேரம். அந்தப் பையன் பத்து நாள்ல அஞ்சு நாள் லேட்டு. வருவான், நிமிந்து நிப்பான், தப்பு சார்னு சொல்லுவான். அவனை நாற்காலியில உக்கார வெச்சிட்டு மத்தவங்கள ஓட விட்டேன். அவன் தலையக் குனிஞ்சிக்குவான், நிமிந்து பாருடான்னு கத்துவேன். ஓடற பசங்க அவனைத் தாண்டிப் போறப்ப பாத்த பார்வை எனக்கு நல்லா புரிஞ்சது. சரியான வழியிலதான் போகுதுன்னு நெனச்சேன்.

அஞ்சாவது தடவ அவன் லேட்டா வந்த நாள், மத்தியான இடைவேளை. நான் ஸ்டாஃப் ரூம்ல டீ குடிச்சிக்கிட்டு இருந்தேன். விளையாட்டுச் சாமான் வெக்கற ரூம் பக்கம் களத்துல ராகி அடிக்கற மாதிரி சத்தம். மொத்து மொத்துன்னு, நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சி. டீய வெச்சிட்டு ஓடினேன். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்துச்சி, ஒரே ஒதையில தெறந்துக்கிச்சி. அந்த வகுப்புப் பசங்க ஏழெட்டுப் பேரு. கபடி ஆடற ரப்பர் மேட்டை மூடற தார்ப்பாய் தரையில கெடந்து நெளிஞ்சிக்கிட்டு இருந்துச்சி. எல்லார் கையிலயும் கிரிக்கெட் ஸ்டம்பு.

தார்ப்பாயை இழுத்தேன். உள்ள அந்த லேட்டுப் பையன். எடது காதுல இருந்து ரத்தம் கழுத்து வழியா எறங்கி வெள்ளைச் சட்டைக் காலரு முழுக்க நனைஞ்சிருந்துச்சி. ஒரு கண்ணு மூடிக்கிச்சி. என்னைப் பாத்ததும் சுவத்தப் புடிச்சி எழுந்தான், அப்பறம் சுவத்த விட்டுட்டு ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி வெச்சான்.

"தப்பு சார்," அப்படின்னுட்டு அப்படியே சாஞ்சிட்டான்.

எனக்குத் தலைகால் புரியல. பக்கத்துல நின்னவன் கையில இருந்த ஸ்டம்பைப் புடுங்கி, கண்ணு மண்ணு தெரியாம அடிச்சேன். முதுகு, காலு, எங்க விழுதுன்னு பாக்கல. அழுதானுங்க, மேசைக்கு அடியில பூந்தானுங்க, காலைப் புடிச்சி இழுத்துப் போட்டு அடிச்சேன். கபடி டீம் கேப்டன் மட்டும் ஓடல. நின்ன எடத்துலயே நின்னு என் மூஞ்சியப் பாத்துக் கேட்டான்.

"நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க?"

வாய் மேலயே குத்தினேன். அவன் பல்லு என் வெரல் முட்டியக் கிழிச்சிட்டது. அந்தத் தழும்பு இப்ப எழுதற இந்தக் கையில இருக்கு. அவன் வாயைத் தொடைச்சிக்கிட்டு மறுபடியும் என்னையே பாத்தான். அதுக்கு மேல எனக்குக் கை எழும்பல.

ஆஸ்பத்திரியில எப்படி ஆச்சின்னு கேட்டாங்க. போலீஸ் கேஸ் ஆயிடும், ஸ்கூல் பேரு கெட்டுடும்னு தலைமை ஆசிரியர் போன்லயே பதறினாரு. விளையாடும்போது விழுந்துட்டான்னு நான் என் வாயால சொன்னேன். பையன் கட்டில்ல படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டு இருந்தான். காதுச் சவ்வு கிழிஞ்சிருக்கு, மூடிக்கும், ஆனா கேக்கறது முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதுன்னாங்க.

மறுநாள் காலையில ஸ்டாஃப் ரூம் வாசல் வழியா கம்பெனி யூனிபாரத்தோட ஒரு ஆளு வேகமா உள்ள வந்தான். அடிக்கத்தான் வர்றான்னு நெனச்சி, வாயைத் தொறக்கறதுக்குள்ள கழுத்தைப் புடிச்சி பீரோவோட சேத்து அழுத்திட்டேன். பழகின கை, யோசிக்காம போயிடும். அவன் திமிறல. பையனோட அப்பன்னு பக்கத்து டீச்சர் சொன்ன பிறகுதான் விட்டேன். கழுத்துல என் அஞ்சு வெரலும் செவந்து பதிஞ்சிருந்துச்சி. அவரு இருமி, மூச்சு வாங்கிட்டு, நைட் ஷிப்ட் முடிச்சி நேரா வர்றேங்க சார்னு ஆரம்பிச்சாரு.

"காது இப்படி ஆயிடுச்சே, மிலிட்டரியில எடுத்துக்குவாங்களா சார்?"

சண்டை போட வரல. அதைக் கேக்கத்தான் வந்திருக்காரு. அதை விட்டுட்டு, பையன் லேட்டுக்கு என்ன காரணம்னு அப்பதான், மொத மொதல்ல, நான் கேட்டேன். அவரு ஆச்சரியமா பாத்தாரு. கர்நாடகா பக்கமிருந்து யானைக் கூட்டம் எறங்கியிருக்கு, ராகிக் காட்டுல பூந்துட்டு விடியக்காலத்துல ரோட்டைத் தாண்டுது, அது போற வரைக்கும் ஃபாரஸ்ட்காரங்க யாரையும் விடறதில்ல, பையன் தெனமும் சைக்கிளோட அங்க நின்னுட்டுதான் வர்றான்னாரு. ஒங்ககிட்ட சொல்லலையா சார்னு கேட்டாரு. நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சி.

காயம் ஆறின பிறகு அவனை நானே தயார் பண்ணேன். ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. மருத்துவச் சோதனையில டாக்டர் பின்னால தள்ளி நின்னு மெதுவா பேசுவாரு, அதைத் திருப்பிச் சொல்லணும். அதனால கிரவுண்டுல நிக்க வெச்சி, நல்ல காதைப் பொத்திக்கச் சொல்லி, பின்னால இருந்து நம்பர் சொன்னேன். பதில் இல்ல. கிட்டப் போயி சொன்னேன். இல்ல. கோவம் தலைக்கேறி, தோளைப் புடிச்சி உலுக்கி, கேளுடா, கேளுடான்னு கத்தினேன். அவன் தப்பு சார்னான். யாரு மேல வந்த கோவம் அது? கிரவுண்டுலயே உக்காந்து அழுதேன். அவன் தள்ளி நின்னு காத்துக்கிட்டு இருந்தான்.

ஆள் எடுக்கற எடத்துக்குக் கூடவே போனேன். ஓட்டத்துல அவன் கூட்டத்துல மொத ஆளா வந்தான். கம்பி வேலிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருந்த எனக்கு ஒரு நிமிஷம் எல்லாம் சரியாயிடும்னு தோணுச்சி. மருத்துவச் சோதனைக்கு உள்ள போனவன் சாயங்காலம்தான் வெளிய வந்தான், சர்டிபிகேட் கவரை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு. மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி.

என்ன கேட்டாங்கன்னு கேட்டேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுட்டுச் சொன்னான்.

"காது எப்படிப் போச்சின்னு கேட்டாங்க சார்."

"நீ என்னாடா சொன்ன?"

"காரணம் சொல்லல சார். தப்புன்னு மட்டும் சொன்னேன்."

திரும்பி வர்றப்ப பஸ்ல அவனுக்கு வலது பக்கமா உக்காந்தேன், அந்தப் பக்கம் பேசினாத்தான் அவனுக்குக் கேக்கும். ஓசூர் பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் என்னால ஒரு வார்த்தை பேச முடியல.